பழைய வீட்டுல விடாம ஒழுகுதா, சுத்தியல எடுக்குறதுக்கு முன்னாடி தண்ணி எதுன்னு கண்டுபிடிங்க

சீலிங்ல ஈரம், பெயிண்ட் உப்பி உரியுது, கொத்தனாரைக் கூப்பிட்டா சுரண்டிட்டு பட்டி பாத்து வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ஒரு கை அடிச்சிட்டு காசு வாங்கிட்டு போயிடுறார், மூணு மாசத்துல அதே எடத்துல அதே கறை மறுபடி வந்து நிக்குது. 30, 40 வருஷத்து வீடு வச்சிருக்கவங்க எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். கொத்தனாரையும் ரொம்ப திட்ட முடியாது, நாம காட்டுன எடத்த அவர் பூசினார், தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு யாருமே தேடல. ஸ்லாப்புக்குள்ள பூந்த தண்ணி நேரா கீழ எறங்குறது ரொம்ப அபூர்வம், கம்பிய ஒட்டி ஓடும், பழைய வயர் பைப்புக்குள்ள பூந்து ஓடும், ஸ்லாப் எந்தப் பக்கம் லேசா வாட்டமா இருக்கோ அந்தப் பக்கம் போயி எங்க ஒரு விரிசலோ ஃபேன் கொக்கியோ கெடைக்குதோ அங்க சொட்டும். பாத்ரூம் ஒரு மூலைல இருக்கும், சொட்டுறது ஹால் நடுவுல இருக்கும்.

அதனால எங்க ஒழுகுதுன்னு பாத்து உடைக்க ஆரம்பிக்காதீங்க, எப்ப ஒழுகுது எப்ப நிக்குதுன்னு பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம், ஈரம் ஃபேன் கிட்டயோ லைட் பாயின்ட் கிட்டயோ சுவிட்ச் போர்டு கிட்டயோ இருந்தா அந்த லைனோட எம்சிபிய, அதாவது மெயின் போர்டுல இருக்க ட்ரிப் சுவிட்ச, எறக்கிடுங்க, ஃப்யூஸ் கேரியர் வீடுன்னா கட்டையப் புடுங்கி அலமாரில வச்சிடுங்க, எலக்ட்ரீஷியன் பாத்து சொல்ற வரைக்கும் அந்த ரூம்ல டேபிள் ஃபேன் போதும்.

இப்ப ஒரு பென்சில் எடுத்து ஈரத்தோட ஓரத்த சுத்தி கோடு போட்டு பக்கத்துல தேதி, நேரம் எழுதுங்க. மறுநாள் காலைல பாருங்க, கோட்ட தாண்டியிருந்தா புதுக் கோடு, புது தேதி. கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா ஒரு வாரம் பத்து நாள் இத செஞ்சீங்கன்னா பிளம்பர் வந்து நிக்கும்போது உங்க கைல ஆதாரம் இருக்கும், அவர் வாய்க்கு வந்தத சொல்லி டைல்ஸ உடைக்க முடியாது.

ஒரு வீட்டுல ஒழுகுற தண்ணி பெரும்பாலும் நாலுல ஒண்ணாதான் இருக்கும். டேங்க்லேர்ந்து வர்ற நல்ல தண்ணி லைன், அது எப்பவும் ஃபுல்லா நிக்கிறதால நீங்க குளிச்சாலும் குளிக்கலன்னாலும் ஒரே மாதிரி ஒழுகும், வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போனாலும் நிக்காது. ரெண்டாவது கழிவுத் தண்ணி, அது யாராச்சும் குளிச்சா தொவச்சா ஃப்ளஷ் பண்ணாதான் வரும், காலைல பத்து மணிக்கு கறை பெருசாகி ராத்திரி கொஞ்சம் வாடியிருந்தா இதத்தான் சந்தேகப்படணும். மூணாவது மழைத் தண்ணி, ஐப்பசி கார்த்திகைல ஆட்டம் போட்டு மாசில காணாம போயிடும். நாலாவது நிலத்து ஓதம், சுவத்துக்கு அடியிலேர்ந்து மேல ஏறும், பொதுவா மூணு அடிக்கு மேல போகாது, வெள்ளையா உப்பு பூத்து காரை மாவா உதிரும். இதெல்லாம் இல்லாம ஏசிலேர்ந்து வர்ற ட்ரெயின் பைப்ப சன்ஷேட் மேல அப்படியே விட்டிருப்பாங்க, மோட்டார் நிறுத்த மறந்து டேங்க் நிரம்பி சுவத்து வழியா வழியும், இந்த மாதிரி அல்ப காரணத்தையும் மொதல்ல ஒரு ரவுண்டு வெளிய சுத்தி வந்து பாத்துடுங்க.

கசிவா இல்ல வெறும் காத்து ஈரமான்னே சந்தேகமா இருந்தா ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் கவர வெட்டி, மேல துணியால நல்லா தொடச்சிட்டு, நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம சுவத்துல ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. கவருக்கு உள்பக்கம், அதாவது சுவத்தப் பாத்த பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா ஈரம் சுவத்துக்குள்ளேர்ந்து வருது, வெளிப்பக்கம் நின்னா ரூம்ல காத்தோட்டம் இல்ல, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே சரியாயிடும்.

நல்ல தண்ணி லைன்லேர்ந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா அத சோதிக்க எதையும் உடைக்க வேணாம். ராத்திரி எல்லாரும் படுத்ததும் மோட்டார் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு டேங்க்குக்குள்ள ஒரு குச்சிய அடி வரைக்கும் விட்டு தண்ணி மட்டத்த மார்க் பண்ணுங்க, யாரும் ஃப்ளஷ் பண்ணாம இருந்தா நல்லது, முடியலன்னா ஒரு வாளில தண்ணி புடிச்சு வச்சு அத ஊத்திக்க சொல்லுங்க. காலைல மறுபடி குச்சிய விட்டுப் பாருங்க. ஆயிரம் லிட்டர் ரவுண்டு டேங்க்குன்னா குறுக்களவு மூணரை அடிக்கு பக்கமா இருக்கும், அதுல ஒரு சென்டிமீட்டர் எறங்கினா ஏறத்தாழ பத்து லிட்டர்னு வச்சுக்கலாம். மட்டம் எறங்கலன்னா லைன் நல்லாருக்கு, வேற பக்கம் தேடுங்க. எறங்கியிருந்தா மறுநாள் டேங்க் அவுட்லெட் கேட் வால்வ மூடிட்டு அதே டெஸ்ட் பண்ணுங்க, அப்பவும் எறங்கினா டேங்க்லயோ அது ஒட்டியிருக்க ஜாயின்ட்லயோ கோளாறு. இங்க ஒரு சிக்கல், பழைய பித்தள கேட் வால்வ் முழுசா மூடவே மூடாது, உள்ள தகடு தேஞ்சு உப்பு புடிச்சிருக்கும், மூடிட்டு கீழ ஒரு குழாய தெறந்து பாத்தா நூல் மாதிரி வந்துகிட்டே இருக்கும். அப்படி இருந்தா மொதல்ல அத தூக்கிட்டு பால் வால்வ் போடுங்க. முடிஞ்சா அதே கையோட கிச்சனுக்கு ஒண்ணு, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒண்ணுன்னு தனித்தனி வால்வ் வச்சிடுங்க, பழைய வீடுங்கள்ல மொத்த வீட்டுக்கும் ஒரே வால்வுதான் இருக்கும், அதனாலதான் எந்த லைன்னு பிரிச்சுப் பாக்கவே முடியாம போகுது. வால்வ் வச்சப்புறம் ஒரு ராத்திரிக்கு ஒரு லைன மட்டும் தெறந்து விட்டு குச்சி டெஸ்ட் பண்ணீங்கன்னா எந்த லைன்னு தானா மாட்டிக்கும்.

இதோட ஃப்ளஷ் டேங்க்லயும் ஒரு கை பாத்துடுங்க. சிஸ்டர்ன்ல பத்து சொட்டு சொட்டு நீலம் விட்டுட்டு அரை மணி நேரம் யாரும் அழுத்தாம இருங்க, கம்மோடுக்குள்ள தண்ணி நீலமாச்சுன்னா உள்ள இருக்க வாஷர் போச்சு. அது சீலிங்க நனைக்காது, ஆனா குச்சி டெஸ்ட்ல மட்டம் எறங்கி உங்கள தப்பான சுவத்த உடைக்க வச்சிடும். ராத்திரி சுவத்துல டம்ளர வச்சு காதக் குடுத்துக் கேட்டா சத்தம் கேக்கும்னு சொல்லுவாங்க, மோட்டார் ப்ரஷர் இருக்க லைன்ல கேக்கும், ஆனா மாடி டேங்க்லேர்ந்து வர்ற லைன்ல பத்து மீட்டர் உயரம் இருந்தாதான் ஒரு கிலோ ப்ரஷரே வரும், ஒரு மாடி வீட்டுல அவ்வளவு கூட இருக்காது, அதனால சத்தம் கேக்கலன்னு லைன நம்பிடாதீங்க. சந்தேகம் தீரலன்னா பிளம்பர்கிட்ட கை பம்ப் வச்சு ப்ரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, எல்லா குழாயையும் பிளக் போட்டு அடைச்சிட்டு பம்ப் அடிச்சு ப்ரஷர் மீட்டர் முள்ளு எறங்குதான்னு பாப்பாங்க. பழைய ஜிஐ பைப்புல, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப்புல, ப்ரஷர ரொம்ப ஏத்த விடாதீங்க, இல்லாத ஓட்டையையும் அது உண்டாக்கிடும்.

கழிவுத் தண்ணிதான் நெறைய வீட்டுல உண்மையான குத்தவாளி, கண்டுபிடிக்கவும் கஷ்டமானது. கும்பகோணத்துல எங்க சித்தப்பா வீடு 1986ல கட்டுனது, மாடி பாத்ரூமுக்கு கீழ சாப்பாட்டு ரூம் சீலிங் விடாம ஒழுகிட்டு இருந்துச்சு. மொட்டை மாடிக்கு கூலிங் பெயிண்ட் அடிச்சாச்சு, பாத்ரூம் டைல்ஸ் முழுக்க மாத்தியாச்சு, ஒழுகல் மட்டும் நிக்கல. ஒரு தடவ குடும்பமே கல்யாணத்துக்கு கோயம்புத்தூர் போயிட்டு ஒரு வாரம் கழிச்சு வந்து பாத்தா சீலிங் காஞ்சு வெள்ளையா இருக்கு, டேங்க்ல தண்ணி அப்படியே இருக்கு. அந்த ஒரு விஷயத்துலயே நல்ல தண்ணி லைன் கணக்குலேர்ந்து போயிடுச்சு பாருங்க. மிச்சம் ரெண்டு, தரை வழியா எறங்குதா, இல்ல தரைத் தண்ணி வடியுற ஓட்டைக்கு அடில இருக்க ட்ராப் (நானி ட்ராப்னு சொல்லுவாங்க), பைப்பு வழியா எறங்குதா.

இத பிரிக்க ஒரு வழி இருக்கு. நானி ட்ராப் வாய ஒரு பாலித்தீன் கவர்ல மண்ண போட்டு கட்டி அமுக்கி அடைச்சிட்டு, வாசப்படில சிமெண்ட்ல சின்ன கட்ட கட்டி, பாத்ரூம் தரைல ரெண்டு இஞ்ச் தண்ணி நிறுத்துங்க. சுவத்துல மட்டத்த மார்க் பண்ணிட்டு பக்கத்துலயே ஒரு பக்கெட்லயும் தண்ணி வச்சு அதுலயும் மார்க் பண்ணுங்க, ஆவியா போறது எவ்வளவுன்னு பக்கெட் சொல்லிடும். 24 மணி நேரம் விடுங்க, முடிஞ்சா ரெண்டு நாள். பக்கெட்ட விட தரைல அதிகமா எறங்கியிருந்தா, கீழயும் ஈரம் வந்தா, தரைதான் கோளாறு. எறங்கலன்னா அடைப்ப எடுத்துட்டு, நீலம் கலந்த தண்ணிய பக்கெட் பக்கெட்டா ட்ராப்ல மட்டும் ஊத்துங்க, தரைல படாம. சித்தப்பா வீட்டுல தரைல நின்ன தண்ணி அசையல, ஆனா ட்ராப்ல ஊத்தி மறுநாள் ஃபேன் கொக்கி ஓரமா வெளிர் நீலமா ஒரு வளையம் வந்துச்சு. எல்லா வீட்டுலயும் கலர் வந்துடாது, கான்கிரீட்டும் செங்கல்லும் கலர புடிச்சு வச்சுக்கும், அதனால கலர் வரலன்னா கூட ஈரம் கூடுதான்னு பென்சில் கோட்டப் பாத்து முடிவு பண்ணுங்க.

ட்ராப்ப சுத்தி நாலே டைல்ஸ மட்டும் எடுத்துப் பாத்தோம். பழைய ட்ராப்போட கழுத்துல பிவிசி பைப்ப சொருகி சுத்தி சிமெண்ட அப்பி வச்சிருந்தாங்க, சிமெண்டுக்கும் பிவிசிக்கும் ஒட்டே கெடையாது, கைய விட்டு பைப்ப திருப்பினா லொட லொடன்னு சுத்துது. கீழ ரொப்பியிருந்த செங்கல் உடைசல் கருகருன்னு ஊறி சோப்பு நாத்தம் அடிச்சுது. புது டைல்ஸ் போட்டவங்க ட்ராப்ப தொடவே இல்ல, மேல ஒரு புது ஜாலி மூடி மட்டும் வச்சிட்டு போயிருக்காங்க. இது ரொம்ப சாதாரணமா நடக்குறது, அதனால பாத்ரூம் வேலை பேசும்போது ட்ராப் மாத்துறதும் சேத்து எழுதி வாங்கிக்குங்க.

சரி, எப்படி சரி பண்றது. ட்ராப்புன்னா பழசத் தூக்கிட்டு ஒரே பீஸா வர்ற பிவிசி ட்ராப் போட்டு, ஜாயின்ட் எல்லாம் சால்வென்ட்லயோ (பைப்பு ஒட்டுற பசை) ரப்பர் ரிங்லயோ இருக்கணும், சிமெண்ட்ல ஜாயின்ட் போடவே விடாதீங்க. பைப்பு ஸ்லாப்ப துளைச்சு போற எடத்துல சுத்தி கொத்திவிட்டு நான் ஷ்ரிங்க் கிரவுட் ஊத்தணும், சாதா கலவை காஞ்சதும் சுருங்கி முடி அளவுக்கு இடைவெளி விட்டுடும், அதுவே போதும் தண்ணிக்கு. தரையே கோளாறுன்னா ஸ்லாப் வரைக்கும் எடுத்துட்டு, தரையும் சுவரும் சேர்ற மூலைய கலவையால வளைவா பூசி, ரெண்டு பார்ட் கலந்து அடிக்கிற பாலிமர் சிமெண்ட் கோட்டிங்க ஒரு கை இப்படி, காஞ்சதும் இன்னொரு கை அதுக்கு குறுக்க அடிக்கணும், சுவத்துல ஒரு அடி வரைக்கும், ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி மறுபடி தண்ணி நிறுத்தி டெஸ்ட். இந்த டெஸ்டுக்கு எல்லாரும் அவசரப்படுவாங்க, கொத்தனாருக்கு மறுநாள் வேற எடத்துல வேலை இருக்கும், விட்டுக்குடுக்காதீங்க. டைல்ஸ் இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட் வேணாம், எபாக்சி கிரவுட் காசு கூடனாலும் அதான் நிக்கும்.

இன்னொரு விஷயம், இது தெரியாம நெறைய பேர் பிளம்பரோட சண்டைக்குப் போறாங்க. பாத்ரூம் ஸ்லாப் பள்ளமா எறக்கி மேல உடைசல் ரொப்பினதா இருந்தா அந்த உடைசல் ஊறின ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணிய புடிச்சு வச்சிருக்கும், லீக்க நிறுத்தினாலும் வாரக்கணக்குல கீழ சொட்டிட்டேதான் இருக்கும். சித்தப்பா போன் போட்டு போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. கோடு வளராம ஒவ்வொரு வாரமும் உள்ளுக்கு சுருங்கினா வேலை சரியா நடந்திருக்குன்னு அர்த்தம். பள்ளத்தோட அடிமட்டத்துலேர்ந்து வெளி சுவத்துக்கு முக்கா இஞ்ச் பைப்பு ஒண்ணு வாட்டமா விட்டு வச்சா தேங்கினது வெளிய வந்துடும், பின்னாடி எப்பயாச்சும் லீக் ஆனாலும் அதுலதான் மொதல்ல தெரியும்.

நல்ல தண்ணி லைன்ல கோளாறுன்னா, 80கள்ல போட்ட ஜிஐ பைப்புக்கு ஒரு எடத்துல மட்டும் ஒட்டுப் போடாதீங்க. மரை போட்ட எடத்துல மேல இருக்க துத்தநாகப் பூச்சு போயிடும், அதனால ஜாயின்ட்லதான் மொதல்ல துரு தின்னும், அதுலயும் பித்தள குழாயும் இரும்பு சாக்கெட்டும் சேர்ற எடம் இன்னும் சீக்கிரம் போகும், போர் தண்ணில உப்பு இருந்தா கேக்கவே வேணாம். ஒரு ஜாயின்ட்ட முறுக்கினா அடுத்த ஜாயின்ட் ஆடும், அங்க லீக், அத முறுக்கினா அதுக்கு அடுத்தது. அதனால மொத்த லைனையும் கைவிட்டுட்டு சிபிவிசிங்கற பிளாஸ்டிக் பைப்ப வெளி சுவத்து வழியா க்ளாம்ப் போட்டு எறக்கி, எங்க வேணுமோ அங்க மட்டும் சுவத்த துளைச்சு உள்ள கொண்டு வாங்க, அழகு கொஞ்சம் கம்மிதான், ஆனா அடுத்த தடவ லீக் ஆனா கண்ணுக்கு தெரியும். பழைய பைப்ப சுவத்துலேர்ந்து புடுங்க வேணாம், ரெண்டு முனையும் பிளக் போட்டு சாகவிட்டா போதும். குழாய் மாட்டுற எடத்துல பித்தள மரை வச்ச ஃபிட்டிங்தான் வாங்கணும், வெறும் பிளாஸ்டிக் மரைல இரும்ப முறுக்கினா அன்னிக்கு புடிக்கும், அப்புறம் கீறல் விடும். சிபிவிசிக்கு அதோட சால்வென்ட், யுபிவிசின்னு இன்னொரு வகை பிளாஸ்டிக் பைப்பு, அதுக்கு அதோடது, டப்பாவ நீங்களே கைல வாங்கிப் பாருங்க. ஒட்டி ஒரு நாள் விட்டு தண்ணி தெறந்து, ராத்திரி முழுக்க நிறுத்திப் பாத்துட்டுதான் பூச்சு வேலை.

மழைத் தண்ணிக்கு மொட்டை மாடிக்கு போங்க. பெரும்பாலும் நடு மாடில ஓட்டை இருக்காது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலைலயும், மழைத் தண்ணி பைப்போட வாய்லயும்தான் இருக்கும், சுவத்து இடுக்குல அரசங்கன்னு மொளச்சிருந்தா அது வேர் விட்ட வழியே தண்ணிக்கும் வழி. மாடில பதிச்சிருக்க தட்டையான ஓட்ட, அதாவது தட்டோட்ட, ஒரு இரும்பு கம்பியால தட்டிக்கிட்டே போங்க, கணீர்னு இல்லாம டொப்புனு சத்தம் வர்ற எடத்துல அடில விட்டுப்போயிருக்கு. ஆர்சிசி (கம்பி கட்டின கான்கிரீட்) மாடின்னா பகுதி பகுதியா தண்ணி நிறுத்திப் பாக்கலாம், ஒரு இஞ்ச் தண்ணின்னா சதுர மீட்டருக்கு 25 கிலோங்கறத ஞாபகம் வச்சுக்கிட்டு. தேக்கு உத்தரத்துல செங்கல் அடுக்கி சுண்ணாம்புல போட்ட மெட்ராஸ் டெரஸ் மேல மட்டும் தண்ணிய தேக்கவே தேக்காதீங்க, ஹோஸ் பைப்பால அரை மணி அரை மணியா ஒவ்வொரு எடமா நனைச்சுப் பாருங்க, கீழ சன்ஷேட்லேர்ந்து ஆரம்பிச்சு மேல போகணும், மேலேர்ந்து ஆரம்பிச்சா எல்லாம் நனைஞ்சு எதுன்னே தெரியாது. சரி பண்ணும்போது விட்டுப்போன தட்டோட்ட எடுத்துட்டு அடில இருக்க சுருக்கி தளம் (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்து போட்டது) நல்லா இருக்கான்னு பாத்து, மூலைய வளைவா பூசி, பைப்பு வாய எறக்கி வச்சு, வாட்டம் அங்க போகுதான்னு ஒரு குடம் ஊத்திப் பாருங்க. பழைய தளத்த எடுக்காம அதுக்கு மேலயே இன்னொரு தளம், அதுக்கு மேல இன்னொண்ணுன்னு போட்டுட்டே போறவங்க உண்டு, அந்த பாரத்த தாங்கப்போறது நாப்பது வருஷத்து ஸ்லாப்பு. வெள்ளை கூலிங் பெயிண்ட் சூட்டத்தான் குறைக்கும். இந்த வேலைய பங்குனி சித்திரைல முடிச்சிடுங்க, அக்டோபர்ல ஆள் தேடினா கெடைக்க மாட்டாங்க, கெடைச்சாலும் காயாது.

ஓதத்துக்கு பெருசா அதிசயம் எதுவும் இல்ல. பழைய வீட்டுல அஸ்திவாரத்துக்கு மேல ஓதம் தடுக்குற அடுக்கு இருக்காது, அதனால அத மறைக்க டைல்ஸ் ஒட்டினாலோ எனாமல் அடிச்சாலோ மூணு அடில நின்னது அஞ்சு அடிக்கு ஏறும். உப்பு புடிச்ச காரைய எடுத்துட்டு சுண்ணாம்புப் பூச்சு பூசி சுண்ணாம்பு அடிச்சு விட்டா சுவர் மூச்சு விடும், வெளிப்பக்கம் மண்ணு தரை மட்டத்துக்கு மேல குவிஞ்சிருந்தா அத வெட்டி எடுத்தாலே பாதி குறையும்.

கடைசியா சீலிங். நல்லா காயுற வரைக்கும் தொடாதீங்க, அந்த பாலித்தீன் கவர் டெஸ்ட்ட மறுபடி போட்டு உள்பக்கம் முத்து நிக்கலன்னா அப்ப ஆரம்பிங்க. கம்பி துருப்புடிச்சா பல மடங்கு ஊதி கான்கிரீட்ட தள்ளி விட்டிருக்கும், டொப்புனு சத்தம் வர்றத எல்லாம் தட்டி எடுத்துட்டு, கம்பிய ஒயர் பிரஷ்ல தேச்சு, துருவுக்கான ப்ரைமர் அடிச்சு, ஒட்டுறதுக்கு பாண்டிங் கோட் குடுத்து, பாலிமர் மார்ட்டர்ல அடைக்கணும். தேச்சதும் கம்பி பாதியா மெலிஞ்சு போயிருந்தாலோ ஸ்லாப் நடுவுல தொங்கியிருந்தாலோ கொத்தனார் வேலை இல்ல அது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூப்பிட்டு காட்டிட்டுதான் மேற்கொண்டு எதையும் தொடணும். பூசி மூடுறதுக்கு முன்னாடி புது பைப்பு போற வழிய, பக்கத்துல டேப்ப விரிச்சு வச்சு அளவு தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸப் குரூப்புல போட்டு வைங்க, நாளைக்கு யாராச்சும் கண்ணாடி மாட்ட ட்ரில்லிங் மெஷினோட அந்த சுவத்துக்கிட்ட நிக்கத்தான் போறாங்க.